மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விமானம் வேண்டாம்

சேகரா,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று சிரிக்காதே. கூடத்தில் உன் அத்தைமார்கள் சீர்த் தட்டுகளுக்கு ஜிகினாக் காகிதம் ஒட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். வாசலில் உன் அப்பா பந்தல்காரரோடு மல்லுக்கு நிற்கிறார். நீ பாண்டி பஜாரில் கோட்டு போட்டுப் பார்க்கப் போயிருக்கிறாய். நீ வீட்டில் இருந்தாலும் உன்னைத் தனியாக நிறுத்தி நாலு வார்த்தை பேச இந்தக் கல்யாண வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடையாது. அப்படியே பேசினாலும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாய். உன் தலையாட்டலை நேற்றே பார்த்துவிட்டேன். அதனால்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி டின்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுப்பில் பால் இருக்கிறது. பொங்கி வழிந்தால் நடுவில் எழுந்துபோவேன், எழுத்து ஒரு மாதிரி கோணிக்கொள்ளும். பொறுத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் உன் மாமனார் வந்தார். நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை போட்டு நிமிர்ந்தவர். கோமதி அவருக்கு ஒரே பெண். தன் கடைத்தெருவே வாய்பிளந்து பார்க்கிற மாதிரி கல்யாணம் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை, அது தப்பா? காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "மாப்ள, நீங்க கார்ல உக்காந்திருக்கீங்க. கையில அந்தக் கன்ட்ரோல் பெட்டி. மேல உங்க ஏரோப்ளேன் வருது. கோயில் வாசல்ல இருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலத்து மேல பூவாக் கொட்டுது. தி. நகர்ல இதுவரைக்கும் எவனும் இப்படிப் பாத்திருக்க மாட்டான், பாத்துக்கிடுங்க." நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே, "செஞ்சிரலாம் மாமா" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். சம்பந்திக்கு முன்னால் என்ன பேசுவது என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். நான் முறுக்குத் தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே வந்தேன். நாளை மறுநாள் ஊர்வலம். இன்னும் யாருக்கும் இது பயமாகத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது.

உனக்கு அடுத்தபடியாக, நீ கையால் செய்த அந்தச் சின்ன விமானத்தை அறிந்தவள் நான்தான். நீ காலேஜில் சேர்ந்த வருஷம், கப்பலில் வேலை பார்க்கிற உன் மாமா சிங்கப்பூரில் இருந்து அந்தக் கன்ட்ரோல் பெட்டியையும் சின்ன எஞ்சினையும் கொண்டுவந்து கொடுத்தான். வயர்லெஸ் லைசென்ஸுக்கு அப்பா அலையாய் அலைந்தார். லைசென்ஸ் வரும்வரை பெட்டியைத் திறக்கவே கூடாது என்று அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியும் வைத்தார். அதற்குள் நீ பால்சா என்கிற, நெட்டி மாதிரி லேசான மரத்தை பிளேடால் வெட்டி வெட்டி எலும்புக்கூடு மாதிரி ஒன்று செய்துவிட்டாய். அதன் இறக்கைக்குத் துணி இழுத்துக் கட்டியது யார்? என் ரவிக்கைக்கு வாங்கிவைத்திருந்த பட்டு லைனிங் அது. ஒரு சுருக்கம் இல்லாமல் நான் இழுத்துப் பிடிக்க, நீ அதன்மேல் டோப் என்கிற அந்த நாற்றம் பிடித்த வார்னிஷைப் பூசினாய். ஒரு வாரம் சாம்பாரில் அதே வாடை. "இது பருப்பு சாம்பாரா, பெயின்ட் சாம்பாரா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா சாப்பிட்டார்.

மாமா கொடுத்த விளக்கத் தாளை நாம் இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ்தான். ஆனால் ஆபத்து என்று எங்கெல்லாம் அச்சடித்திருந்ததோ அங்கெல்லாம் நான் நன்றாகவே படித்தேன். அப்படியும் பட்டுத்தானே தெரிந்துகொண்டோம்! கொல்லையில் முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பினபோது, பக்கத்தில் குனிந்திருந்த என் முந்தானையை ப்ரொப்பல்லர் லபக்கென்று இழுத்துக்கொண்டது. துணி கிழிந்தது, எஞ்சின் நின்றது. துணியோடு போயிற்று. நீ வெளுத்துப்போய், "அம்மா, விரல் இருக்கா, விரல் இருக்கா?" என்று என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாய். சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது, அதுதான் அதனுடைய கெட்ட குணம். அன்றிலிருந்து நான் முந்தானையை இடுப்பில் செருகாமல் அதன் பக்கத்தில் போனதில்லை. நீயும் எப்போதும் ப்ரொப்பல்லருக்குப் பின்னால் நின்றுதான் வேலை செய்தாய்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற வேளையில் அபிராமபுரத்தில் இருந்து மூன்று பேரும் கிளம்புவோம். கடற்காற்று ஏறுவதற்கு முன்னால் அடையாறு முகத்துவாரத்து மணலுக்குப் போய்விட வேண்டும் உனக்கு. அங்கே உன் பூஜை ஆரம்பிக்கும். இறக்கையைக் கட்டும் ரப்பர் பாண்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாய். மெட்ராஸ் வெயிலில் ரப்பர் ஒரே வாரத்தில் இற்றுப்போகும் என்று நாம் கண்டுபிடித்த பிறகு பழைய பாண்டு ஒன்றைக்கூட நீ திரும்பக் கட்டினதில்லை. முதலில் கையில் இருக்கும் பெட்டியைப் போடுவாய், பிறகுதான் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரை. நிறுத்தும்போது தலைகீழாக. ஏரியலை மடக்கி வைத்துக்கொண்டு நீ ஓரிடத்தில் நிற்க, நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு நண்டு வளைகளைத் தாண்டித் தாண்டி தூரமாக நடப்பேன். நீ அங்கிருந்து பெட்டியின் குச்சியை அசைக்க, இங்கே வால் அசைந்தால் நான் கையைத் தூக்குவேன். ஏரியல் மடங்கியிருக்கும்போதே அவ்வளவு தூரம் கேட்டால்தான் மேலே போன பிறகும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பாய். உன்னைப் பார்த்து அது திரும்பி வரும்போது வலது இடதாகவும் இடது வலதாகவும் மாறிப்போகுமே, அதற்காக வீட்டு நடையில் என்னைத் தட்டோடு எதிரே நடந்துவரச் சொல்லிப் பழகினாய். "அம்மா, இப்ப உன் இடது, என் வலது" என்று நீ முணுமுணுத்துக்கொண்டு நிற்க, என் கையில் உப்புமா ஆறிப்போகும்.

அப்புறம் நம் சட்டம் ஒன்று. விளக்கத் தாளில் அது கிடையாது, நாமே போட்டுக்கொண்டது. எஞ்சின் ஓடும்போது வாலைப் பிடித்துக்கொண்டு மணலில் மண்டியிட்டிருப்பவள் நான். நீ "விடலாமா?" என்று கேட்பாய். நான் சரி என்றால்தான் போகும். வேண்டாம் என்றால் வேண்டாம், ஏன் என்று நீ கேட்கக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஓட்டுகிறவனுக்கு ஆசை இருக்கும், ஆசை இருக்கிறவனிடம் முடிவை முழுசாக விடக் கூடாது என்று சொல்லி இந்தச் சட்டத்தைப் போட்டவனே நீதான். ஒரு தடவை காற்று மாறுகிற மாதிரி இருந்தது, நான் வேண்டாம் என்றேன். முகம் சுண்டைக்காய் ஆயிற்று உனக்கு. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் இறக்கையைக் கழற்றினாய்.

அந்தக் காணும் பொங்கலை நீ மறந்திருக்க மாட்டாய். கூட்டமெல்லாம் மெரினாவுக்குத்தான் போகும், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகுதான், முகத்துவாரத்துக்குக் காலங்கார்த்தாலே யார் வரப்போகிறார்கள் என்று அப்பா சொன்னார். நமக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போனபோது மணலில் ஈ காக்கை இல்லை. நான் சரி சொன்னேன். விமானம் அழகாக எழும்பிக் கடல் பக்கமாகத் திரும்பியது. அது இரண்டாவது வட்டம் வருவதற்குள் சாந்தோம் பக்கத்தில் இருந்து ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. கூடை, பாய், தூக்குவாளி, கரும்பு, இடுப்பில் குழந்தை. எஞ்சின் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் மேலே பார்த்துக்கொண்டே நம்மை நோக்கி நடந்தார்கள்.

அப்பா துண்டை எடுத்து வீசிக்கொண்டு அவர்களைப் பார்த்து ஓடினார். "வராதீங்க, அப்படியே தள்ளிப் போங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். காற்றில் யாருக்கு என்ன கேட்கும்? தூரத்தில் ஒருத்தன், "டேய், அந்தப் பெர்சு துண்ட ஆட்டிக் கூப்புடுதுடா, வாங்கடா" என்றான். வந்துவிட்டார்கள். நடந்து வந்தவர்கள் ஓடி வந்தார்கள். நீ எப்போதும் இறக்குகிற அந்தக் கெட்டி மணலில் ஒரு குடும்பம் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் விமானத்தின் நிழலைத் துரத்திக்கொண்டு அதற்கு நேர் கீழேயே ஓடினார்கள். நீ கண்ணை மேலே இருந்து எடுக்காமல், "எங்கம்மா எறக்கறது?" என்றாய். உன் குரலை அப்படி நான் கேட்டதில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்தேன், இடுப்பளவு தண்ணீரில் வலை வீசுகிறவர்கள் நின்றார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "இன்னொரு ரவுண்டு போடா" என்றேன். அது மட்டும்தான் வாயில் வந்தது. டாங்கில் இருந்த எண்ணெய் ஒரு டம்ளர்கூட இருக்காது, இருந்ததெல்லாம் தீர்ந்துகொண்டிருந்தது.

எஞ்சின் நின்றது. சத்தம் நின்றதும் வேடிக்கை முடிந்தது என்று நினைத்து ஜனம் இன்னும் உள்ளே வந்தது. எஞ்சின் போன விமானத்துக்கு இன்னொரு ரவுண்டு கிடையாது, அது இறங்கத்தான் வேண்டும். நேராக நம்மைப் பார்த்து வந்தது. எதிரே அந்தப் பாய். அதன்மேல் ஒரு பெண் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருக்கிறாள், மடியில் குழந்தை. பாய்க்கும் அலைக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம் இருந்தது. அதை நீ பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். அங்கே நுழைத்திருக்கலாம். உன் கை நல்ல கை, பத்துக்கு ஒன்பது தடவை நுழைந்திருக்கும். உன் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபக்கம் போயிற்று. விமானம் கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முதல் அலைக்கு அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்தது. கூட்டம் கைதட்டியது! அதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

மீன்பிடிக்கிறவர் ஒருவர் நீந்திப் போய் அதை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு இறக்கை இல்லை, என் பட்டு லைனிங் பாசி மாதிரி தொங்கியது. உள்ளே இருந்த ரிசீவர் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. அவருக்கே மனசு கேட்கவில்லை. "இன்னா நைனா, அந்தாண்ட எடம் கெடந்துச்சே. அங்க எறக்கிகினா பொருளு தப்பிச்சிருக்கும்ல?" என்றார். நீ விமானத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டே, "அங்க ஆளுங்க இருந்தாங்கண்ணே" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அன்று வீட்டுக்கு வந்து நீ பொங்கல் சாப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் எனக்குள்ளே எப்படி இருந்தது தெரியுமா? பெற்ற வயிறு குளிர்ந்து இருந்தது. கண் பட்டுவிடும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். நீ பாஸ் பண்ணினதற்கோ, உனக்கு வேலை கிடைத்ததற்கோ நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பால் பொங்கிவிட்டது, போய் இறக்கிவிட்டு வந்தேன்.

அப்புறம் புது இறக்கையும் புது ரிசீவரும் போட்டு நீ அதைத் திரும்பப் பறக்கவைத்துவிட்டாய். இப்போது நாளை மறுநாளுக்கு வருகிறேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "போன ஞாயிற்றுக்கிழமை பூப்பெட்டியைக் கட்டிப் பார்த்தேனேம்மா, நீதானே வாலைப் பிடித்தாய்" என்பாய். ஆமாம், நான்தான் பிடித்தேன். ரோஜா இதழ் கொட்டினதும் நன்றாகத்தான் இருந்தது. கீழே இருந்தது நண்டுகள், சேகரா. நீ அன்று நின்றுகொண்டு ஓட்டினாய், சுற்றித் திரும்பினாய், இரண்டு அடி பின்னால் போனாய். ஊர்வலக் காரில் எங்கே திரும்புவாய்? கழுத்துக்கு மேலே முகவாய் வரை மாலை. உடம்பை இறுக்குகிற அந்தப் புதுக் கோட்டு வேறு. மாப்பிள்ளை காரில் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகள் ஏறி உட்காருவது நம் வழக்கம், மாட்டேன் என்று சொன்னால் அவர்களைப் பெற்றவர்களுக்குக் கோபம் வரும். ஆளுக்கு ஒன்றாக உன் மடியிலும் பக்கத்திலும் அடைந்துகொண்டு, "மாமா, நான் அமுக்கறேன், நான் அமுக்கறேன்" என்று ஏரியலைப் பிடித்து இழுப்பார்கள். முன்னால் டியூப் லைட்டுத் தூக்கிகள், பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டர் பக்கத்தில் வந்தால் நம் வீட்டு ரேடியோவே கரகரவென்று அழும், உன் பெட்டி மட்டும் அழாதா? தெருவுக்குக் குறுக்கே இருக்கும் கரண்டுக் கம்பியையும் டெலிபோன் கம்பியையும் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு மேலே போனது வெறும் கறுப்பாகத்தான் தெரியும், வருகிறதா போகிறதா என்று தெரியாது. இடது வலது அப்புறம்தானே?

கோமதியின் தம்பி, அவர்கள் கடை மொட்டை மாடியில் இருந்து விமானத்தைத் தூக்கிப் போடுவான் என்று பேசிக்கொண்டீர்கள். நல்ல பையன், அக்கா கல்யாணச் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருக்கிறான். நீ "விடலாமா?" என்று கேட்டால் அவன் வேண்டாம் என்று சொல்வானா? இன்னொன்று கேட்கிறேன். நேற்று ஒரு மணி நேரம் பேசினீர்கள். எப்படி ஏறும் என்று பேசினீர்கள், என்ன பூ என்று பேசினீர்கள், போட்டோக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்றுகூடப் பேசினீர்கள். எங்கே இறங்கும் என்று ஒருத்தரும் பேசவில்லை. அவர் கேட்கவில்லை, பாவம், அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கடைசியில் நான் காபி டம்ளர் எடுக்க வந்தபோது கேட்டதற்கு, "பனகல் பார்க்ல எங்கயாவது எறக்கிக்கலாம்மா" என்றாய். சாயங்காலம் பனகல் பார்க்கில் எங்கேயாவதா? ஒரு முழுத் தேங்காயை யாராவது பார்க்குக்குள் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் நீயே போய்ச் சட்டையைப் பிடிப்பாய். இது தேங்காயைவிடக் கனம், முன்னால் கத்தி வேறு சுற்றும்.

எனக்குப் புரியாமல் இல்லை. மாமனார் வாய்திறந்து ஆசைப்பட்டுக் கேட்ட முதல் காரியம். கோமதி மண்டபத்து மாடியில் நின்று பார்ப்பாள். இந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கும் நாக்கு எழும்பாது. இந்தக் கல்யாணம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் தினம் கும்பிடுகிறேன். அந்தப் பெண்ணின் கல்யாண நாளை யாரோ ஒரு குழந்தையின் மண்டை உடைந்த நாளாக அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் எனக்கு. பத்துக்கு ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது என்பாய். அன்றைக்கும் பத்துக்கு ஒன்பதுதான். அந்தக் கணக்கை வேண்டாம் என்று தள்ளியவன் நீதான், நான் இல்லை.

காலையில் நீ குளிக்கப் போனபோது நான் பரண்மேல் ஏறி உன் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கிரிஸ்டலைப் பிடுங்கினேன். இரண்டு கால் முளைத்த பல் மாதிரி இருக்குமே, அது இல்லாவிட்டால் பெட்டி ஊமை என்று நீதான் காட்டிக்கொடுத்தாய். அரிசிக்குள் புதைத்துவைத்தேன். "என்னமோ தெரியல மாமா, வேலை செய்யல" என்று நீ சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் வருத்தம் இல்லை, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கே பிடிக்காமல் போயிற்று. முடியாததால் நீ பறக்கவிடாமல் இருப்பது வேறு, வேண்டாம் என்று இருப்பது வேறு. கடலோரத்தில் உன் கையில் இருந்து நான் எதையும் பிடுங்கவில்லை. இந்த வயதில், கல்யாண மாப்பிள்ளையிடம் பிடுங்கினால் நன்றாகவா இருக்கும்? அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்துவிட்டேன். இந்தக் காகிதத்தின் மடிப்பில் இருக்கிறது, பிரிக்கும்போது கீழே விழுந்துவிடப் போகிறது, பார்த்துப் பிரி.

நாளை மறுநாள் நீ மாலையோடு காரில் உட்கார்ந்திருப்பாய், நான் பின்னால் பெண்களோடு நடந்து வருவேன். "விடலாமா?" என்று நீ கேட்டால் எனக்குக் கேட்காது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்று கேட்கக் கூடாது என்பது நம் சட்டம். நீ கேட்கவில்லை, நானாகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்லிவிட்டேன், வயதாகிறது. உன் மாமனார் கேட்பார். "ஏன் மாப்ள, நல்லாத்தானே பறந்துச்சு?" என்பார். அவரிடம் ஏரியல், ஜெனரேட்டர் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதே. அம்மா பயப்படுகிறாள் என்று என் தலையில் போடவும் வேண்டாம். அந்த மனுஷருக்கு நல்ல புத்தி உண்டு, நாலு வார்த்தையில் புரிந்துகொள்வார். அன்றைக்குக் கரையில் அந்த மீனவரிடம் சொன்னாயே, அதையே சொல்.

"அங்க ஆளுங்க இருப்பாங்க மாமா."

வாலை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா